திங்கட்கிழமை நாற்காலிக் கணக்கு

ஒரு கம்பெனி கெட்டுப்போக நஷ்டம்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? நன்றாக ஓடிக்கொண்டிருந்த குடைக் கம்பெனி அது. மழை பெய்தால் மழைக்கு விற்கும், வெயில் அடித்தால் வெயிலுக்கு விற்கும். இரண்டும் இல்லாத நாளில், குடையை எங்கேயோ மறந்துவிட்டு வந்தவர்கள் வாங்குவார்கள். குடையை மறக்காத மனிதன் இன்னும் பிறக்கவில்லை என்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாற்போல, தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஆள்குறைப்புக் குழு என்று பெயர்.

முதலாமவர் குழுத் தலைவர். எந்தப் புழுக்கத்திலும் கோட்டைக் கழற்றாதவர். இரண்டாமவர் வரைபடக்காரர். அவரிடம் எதைச் சொன்னாலும் ஒரு கோடு போட்டுக் காட்டுவார்; கோடு மேலே போனால் மகிழ்வார், கீழே போனால் தாளைத் தலைகீழாகத் திருப்புவார். மூன்றாவது ஒரு அம்மாள். ஆறுதல் அதிகாரி என்பது அவருடைய பதவி. வேலை போனவர்களோடு சேர்ந்து அழுவது அவர் வேலை. அதற்கு முறைப்படி பயிற்சி எடுத்தவர், சான்றிதழ்கூட வைத்திருந்தார்.

வந்த அன்றே எல்லோரையும் பார்சல் கூடத்தில் கூட்டினார்கள். இடம் பெரிது என்பதால் அங்கே. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நண்பர்களே, நம்ம கம்பெனி ஒரு குடும்பம். குடும்பம்னா யாரையும் வெளிய அனுப்ப முடியாது. அதனால, முதல் வேலையா, இது குடும்பம்ங்கிற எண்ணத்தை எல்லாரும் விட்டுடுவோம். யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவங்களுக்கு நாங்களே தனியா தகவல் குடுப்போம். ஒண்ணு மட்டும் உறுதியா சொல்றேன். உங்களை நாங்க வேலையை விட்டு அனுப்ப மாட்டோம். வேலையைத்தான் உங்களை விட்டு அனுப்புவோம்."

பயங்கரக் கைதட்டல். யார் குறைவாகத் தட்டுகிறார்கள் என்று வரைபடக்காரர் பார்த்துக்கொண்டிருந்தபோது தட்டாமல் என்ன செய்வது?

கூடத்தின் சொந்தக்காரர் என்று சொல்ல வேண்டுமானால் அது பார்சல்காரர்தான். குடைகளைக் கட்டாக அடுக்கி, காக்கித் தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, விலாசம் ஒட்டி வெளியூருக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. அவர் கட்டிய பார்சலைப் பிரிக்க வேண்டுமானால் வாங்கினவர் முதலில் ஒரு நல்ல கத்தி வாங்க வேண்டும். அவர் அன்று கைதட்டவில்லை. கையில் கயிறு இருந்தது.

குழு செய்த முதல் காரியம், ஊழியர் பிரிவை முழுசாக வீட்டுக்கு அனுப்பியது. "ஆளைக் குறைக்க வந்திருக்கோம். ஆளுக்குக் கணக்கு வைக்கவே தனியா ஆளா?" என்றார் தலைவர். நியாயமான கேள்வி. ஊழியர் பிரிவு போனது, அவர்களுடைய பழைய காகிதங்கள் எடைக்குப் போயின. மறுநாள் காலை தலைவர் மேனேஜரைக் கூப்பிட்டு, "இங்க மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?" என்று கேட்டார்.

"நேத்து வரைக்கும் அது தெரிஞ்சவங்க இருந்தாங்க சார்" என்றார் மேனேஜர்.

அதாவது, எத்தனை பேரைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. எத்தனை பேரிலிருந்து என்பதுதான் தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார்கள். குழு வெட்கப்படவில்லை. வரைபடக்காரர் தாளில் ஒரு நாற்காலி வரைந்தார்.

"ஆளை எண்ணாதீங்க சார். ஆள் லீவு போடுவான், பாத்ரூம் போவான், டீ குடிக்கப் போவான். நாற்காலி எங்கயும் போகாது. நாற்காலியை எண்ணுவோம்."

அப்படி வந்ததுதான் திங்கட்கிழமை நாற்காலிக் கணக்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூவரும் வரிசையாக வருவார்கள். நாற்காலிகளை எண்ணுவார்கள். அந்த வாரம் எத்தனை குறைய வேண்டுமோ அத்தனை நாற்காலிகளின் முதுகில் சிவப்புத் துண்டுச்சீட்டு ஒட்டுவார்கள். ஒட்டிய நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு மதியமே பார்சல் கூடத்தில் வழியனுப்பு விழா. தலைவர் பேச்சு, சுவர்க் கடிகாரம் ஒன்று, சக ஊழியர் ஒருவர் இரண்டு வார்த்தை, ஆறுதல் அதிகாரியின் அழுகை. ஆள் வாசல் வழியாகப் போவார், நாற்காலி கிடங்குக்குப் போகும். கிடங்குச் சாவியைத் தலைவர் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்வார். ஆள் திரும்பி வந்தால்கூடப் பரவாயில்லை, நாற்காலி திரும்பி வந்துவிடக் கூடாது பாருங்கள்.

முதல் திங்கட்கிழமை குழு பார்சல் கூடத்துக்கு வந்தபோது பார்சல்காரர் ஒரு குடைக்கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். வரைபடக்காரர் நேராக அவரிடம் வந்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பின்னால நாற்காலி இருக்கான்னு பார்க்கணும்" என்றார். தள்ளி நின்றார். பின்னால் குடைக்கட்டுதான் இருந்தது. வரைபடக்காரர் பூஜ்யம் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கு நாற்காலியே கிடையாது என்பதுதான் விஷயம். நின்றுகொண்டு செய்கிற வேலை. சேர்ந்த புதிதில் ஒரு நாற்காலி கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். கால் கடுத்தால் குடைக்கட்டின் மேல் சாய்ந்துகொள்வார். வீட்டில்கூட நின்றபடியே சாப்பிட்டுப் பழகிவிட்ட மனிதர். ஆக, குழுவின் கணக்கில் அவர் இல்லை. இல்லாத ஆளை எப்படிக் குறைப்பது?

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். பூனைக்கு வந்த காலம் எப்படிப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை. டெலிபோன் எடுத்துக்கொண்டிருந்த அம்மா, எல்லோருக்கும் டெலிபோன் அம்மா, சீட்டு விழுந்து போன மறுநாள் டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்த நேரத்தில் சீட்டு ஒட்டிவிட்டால்? நின்றுகொண்டிருந்தவர் ஒருவர்தான், அவர் எடுத்தார். அன்றிலிருந்து டெலிபோன் அவருடையது. பிறகு தபால், பிறகு சரக்கு இருப்பு, பிறகு டீ. ஒருநாள் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் போனில் கத்தினார்.

"பார்சல் இன்னும் வரலையே! பார்சல் பிரிவுக்குக் குடுங்க!"

"இருங்க சார், குடுக்கறேன்" என்று போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தடிமனாக்கி, "பார்சல் பிரிவு" என்றார்.

"முதல்ல பேசின ஆள் எவ்வளவு மரியாதையா பேசினார் தெரியுமா? நீங்க என்னய்யா இப்படி உறுமறீங்க?"

"அவருக்கு வேலை கம்மி சார்" என்றார் பார்சல்காரர்.

மற்றவர்கள் பாடு இதைவிட மோசம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அலுவலகம் வாரா வாரம் சுருங்கியது. ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டும். காய்ச்சலிலும் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலியில் சிவப்புச் சீட்டு ஒட்டினால், நேற்று வரை ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்கூட ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். குழு ஒரு முறை மேனேஜரைப் போனில் கூப்பிட்டது. அவர் எழுந்துபோய்ப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அவருடைய நாற்காலியில் சீட்டு. குழு ஒட்டியதா, பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதைப் பிய்த்து ஒட்டியதா என்பது இன்றுவரை தெரியாது. மதியம் மேனேஜருக்குக் கடிகாரம் கொடுத்தார்கள்.

இதற்கு நடுவே வெள்ளிக்கிழமை தோறும் மிஞ்சியோர் மகிழ்ச்சி வகுப்பு என்று ஒன்று. மிஞ்சியவர்கள் ஆறுதல் அதிகாரி முன்னால் கட்டாயமாகச் சிரிக்க வேண்டும். "உதடு சிரிக்குது, கண்ணு சிரிக்கலையே" என்று அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் திருத்துவார். கண் சிரிக்காதவர்களின் பெயரைக் குறித்துக்கொள்வார். அதற்கப்புறம் எல்லோருடைய கண்ணும் அப்படிச் சிரித்தது, பார்க்கவே பயமாக இருந்தது.

பார்சல்காரருக்கு அலுவலகத்தில் வந்த வினை போதாதென்று வீட்டிலும் ஒன்று காத்திருந்தது. அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தான். இவர் சிபாரிசில் சேர்ந்தவன். அவனுக்கு நாற்காலி உண்டு. சாதாரண நாற்காலியா? அக்கா தைத்துக் கொடுத்த மெத்தை போட்டது. கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. பெண்ணுக்கும் அவனுக்கும் ஒருவரையொருவர் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கூட்டல் போடும்போதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆனால் பெண்ணின் அப்பா லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நூல் ஆலையில் மேஸ்திரியாக இருந்து, ஆலை ஆளைக் குறைத்தபோது வேலை போய் வீட்டில் இருப்பவர். சூடு கண்ட பூனை. மாப்பிள்ளை உட்காரும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்று சொல்லியிருந்தார்.

"என்னங்க, என் தம்பிக்கு வேலை வாங்கிக் குடுத்தது நீங்கதானே?" என்றாள் மனைவி.

"ஆமா."

"அப்ப காப்பாத்திக் குடுக்கறதும் நீங்கதான். வேலை போச்சுன்னா கல்யாணம் நின்னுடும். அவன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

"ஏம்மா, எனக்கே அங்க ஒரு நாற்காலி இல்ல. நான் யாருகிட்ட போய் கேட்கறது?"

"உங்களுக்கு எங்கதான் இருக்கு? இங்கயும் நாலு நாற்காலி சும்மா கிடக்கு, நீங்க நின்னுக்கிட்டுத்தானே சாப்பிடறீங்க. அந்தக் குழுக்காரங்க வந்து பார்த்தா இந்த வீட்லயும் நீங்க இல்லைன்னுதான் எழுதிட்டுப் போவாங்க!"

பார்சல்காரர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். திட்டுக்காக இல்லை, அது தினம் கிடைப்பது. அவர் மூளையில் ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. "ஏய்!" என்றார். "உட்கார்ந்தாத்தானே எண்ணுவாங்க?"

திங்கட்கிழமை காலை, குழு வருவதற்கு முன், மைத்துனனுடைய நாற்காலியை மெத்தையோடு பார்சல் கூடத்துக்குத் தூக்கி வந்தார். காக்கித் தாள் சுற்றினார். சணல் கயிறு போட்டார். மனம் கேட்காமல் விலாசமும் ஒட்டினார். குடைக்கட்டுகளோடு சேர்த்து வைத்தால் அசல் குடைக்கட்டு.

"அத்தான், நான் எப்படி வேலை பார்க்கறது?" என்றான் மைத்துனன்.

"நின்னுக்கிட்டு. நான் பார்க்கல?"

"கால் வலிக்குமே."

"மச்சான், கால் வலி வேணுமா, கடிகாரம் வேணுமா?"

குழு வந்தது, மேஜையருகே நின்றவனைச் சுற்றிக்கொண்டு போனது, பூஜ்யம் போட்டது. போயே போய்விட்டது! மைத்துனனுக்கு வந்த சந்தோஷத்தில் பேரேட்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

நல்ல விஷயம் நான்கு சுவருக்குள் நிற்குமா? மறுநாள் துணி வெட்டுகிறவர் வந்து காதோடு கேட்டார். அதற்கடுத்து கைப்பிடி மாட்டுகிறவர்கள் மொத்தமாக வந்தார்கள். அடுத்த கணக்குக்குள் அலுவலகத்து நாற்காலி அத்தனையும் காக்கித் தாளுக்குள் போய்விட்டது. எல்லோரும் நின்றார்கள். நின்றதும் ஒரு அதிசயம் நடந்தது. தண்ணீர் குடித்தார்கள். பாத்ரூம் போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்கள். நின்றுகொண்டே செய்வதால் வேலை வேறு சீக்கிரம் முடிந்தது. மைத்துனன் எல்லோருடைய சம்பளத்தையும் குடைக்கம்பித் தேய்மானம் என்ற கணக்கில் எழுதினான். தலைமை அலுவலகத்தில் அதைப் படிக்கிறவரையும் குறைத்துவிட்டதால் யாரும் ஏனென்று கேட்கவில்லை.

பார்சல் கூடத்தில் மலைபோல் குவிந்திருந்த கட்டுகளைப் பார்த்துத் தலைவருக்குக் கண் கலங்கியது. "பாருங்க, ஆள் குறையக் குறைய ஆர்டர் ஏறுது. இத்தனை நாளா இவங்கதான் தடையா இருந்திருக்காங்க!" என்றார், தடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. லாரிக்காரர் அவசரத்தில் ஒரு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போன் அடித்தது.

"நான் குடை கேட்டேன். உள்ள நாற்காலி இருக்கு!"

பார்சல்காரர் வாயில் வந்ததைச் சொன்னார். "பெரிய ஆர்டருக்கு ஒரு நாற்காலி இலவசம் சார்."

"அட! அப்ப இன்னொரு பெரிய ஆர்டர் போட்டுக்கங்க."

அந்த வாரமே மற்ற கடைக்காரர்களும் இலவச நாற்காலி கேட்டு ஆர்டர் போட்டார்கள். குடை பறந்தது. பார்சல்காரருக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம். பிடித்த புலிவாலை எங்கே விடுவது?

குழுவின் மாத அறிக்கை போனது. ஊழியர்கள்: பூஜ்யம். உற்பத்தி: இரண்டு மடங்கு. ஒரு ஆளுக்கு எவ்வளவு உற்பத்தி என்று வரைபடக்காரர் கோடு போட ஆரம்பித்தார். ஆளே இல்லாததால் கோடு நிற்கவில்லை. தாளைத் தாண்டிச் சுவரில் ஏறியது. அவரும் மேஜைமேல் ஏறி வரைந்தார். விட்டத்தில் இடித்த பிறகுதான் நிறுத்தினார். தலைமை அலுவலகம் பூரித்துப் போய்ப் பாராட்டுத் தந்தி மாதிரி ஒரு செய்தி அனுப்பியது: ஆளே இல்லாமல் இயங்கும் முதல் கிளை இதுதான், மகிழ்ச்சி, இதே வேகத்தில் அடுத்த மாதம் இன்னும் ஒருவரைக் குறைக்கவும்.

பார்சல்காரர் டீயோடு போனபோது குழு அறைக்குள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் அப்போது கண்ணுக்குத் தெரிந்த நாற்காலிகள் மொத்தம் மூன்று. மூன்றிலும் அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"பயப்பட வேண்டாம்" என்றார் தலைவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"சார், உங்க அனுபவத்துக்கு வெளிய எவ்வளவோ வாய்ப்பு இருக்கு" என்றார் வரைபடக்காரர்.

"ஆறுதல் சொல்றவங்களுக்கு யாரு ஆறுதல் சொல்றது?" என்று ஆறுதல் அதிகாரி தன் கைக்குட்டையைத் தானே பயன்படுத்த ஆரம்பித்தார். பயிற்சி அழுகை அல்ல. மூக்கெல்லாம் சிவந்துவிட்டது. யாராவது ஒருவர் எங்கேயாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டாரா என்று அன்றிலிருந்து திங்கள் செவ்வாய் பார்க்காமல் மூவரும் கட்டடம் முழுக்க அலைந்தார்கள். மாடிப்படிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள்.

இப்படி இவர்கள் பசியோடு அலைகிற நாளாகப் பார்த்துத்தான் பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். சலவைச் சட்டை, முழங்கால் வலி, கையில் குடை. மாப்பிள்ளைக்கு மரியாதையாக அந்தக் கம்பெனிக் குடையையே வாங்கியிருந்தார், பாவம்.

"மாப்பிள்ளை, உங்க சீட்டு எது?"

மைத்துனன் பேனாவைக் கீழே வைத்தான். சுற்றிலும் எல்லோரும் மேஜைமேல் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். "இங்க எல்லாருமே நின்னுக்கிட்டுத்தாங்க..."

"நின்னுக்கிட்டா? ஒரு நாற்காலிகூட குடுக்கலையா?" மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது. "சம்பந்தி, நான் பட்டவன். நாளைக்குப் போன்னு சொன்னா போக வேண்டிய வேலைக்குத்தான் நாற்காலி குடுக்க மாட்டாங்க. என் பொண்ணு என்னை மாதிரி ஒருத்தரோட சேர்ந்து அவதிப்படக் கூடாது. தப்பா நினைக்காதீங்க, நான் வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்."

கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாண வயசில் யாரையாவது வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பார்சல்காரர் பதறிப்போனார். "இருக்குங்க, நாற்காலி இருக்கு! அழுக்காகக் கூடாதுன்னு பத்திரமா சுத்தி வெச்சிருக்கோம்" என்று ஓடினார். கயிற்றை அறுத்தார், தாளைக் கிழித்தார். மெத்தையோடு நாற்காலி வெளியே வந்தது. பெண்ணின் அப்பா மெத்தையை அழுத்திப் பார்த்தார். முதுகை ஆட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "நல்ல நாற்காலிதான்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"இருக்கார்!" என்று வாசலில் ஒரு அலறல். வரைபடக்காரர். அவருக்குப் பின்னாலேயே தலைவர், ஆறுதல் அதிகாரி. மூன்று பேரும் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, யாரோ தன் காலைத் தொட்டுக் கும்பிட வருகிறார்கள் என்று பெண்ணின் அப்பா நினைத்துக்கொண்டார். சீட்டு ஒட்டப்பட்டது.

"என்னங்க இது? நான் இங்க வேலை பார்க்கலைங்க!"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார் தலைவர் கனிவாக. "இந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க இங்க வேலை பார்க்கல."

"இல்லைங்க, நான் எப்பவுமே இங்க வேலை பார்க்கலைங்க!"

"மறுக்கறார், பாவம்" என்றார் ஆறுதல் அதிகாரி. "முதல்ல எல்லாரும் மறுப்பாங்க. அடுத்தது கோபம் வரும்."

"ஏம்மா, விளையாடறீங்களா?"

"பாருங்க, வந்துடுச்சு."

பார்சல்காரர் நிலைமை மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இவர் வெளியாள் என்று சொன்னால், நாற்காலி யாருடையது என்ற கேள்வி வரும். மைத்துனன் வேலை போகும், அவன் பின்னால் நிற்கிற அத்தனை பேர் வேலையும் போகும். சொல்லாவிட்டால், மாப்பிள்ளை பார்க்க வந்த மாமனாரை வேலையை விட்டு அனுப்பிய கதையாகிவிடும். எந்த மாமனார் அதற்கப்புறம் பெண் கொடுப்பார்? வாயைத் திறக்கப் போனார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது, கடிகாரம் வந்துவிட்டது.

தலைவர் பேசினார். "இவர் இந்தக் கம்பெனிக்குச் செஞ்சதையெல்லாம் என்னால சொல்ல முடியாது. ஏன்னா எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. தெரிஞ்சவங்களை முன்னாடியே அனுப்பிட்டோம். ஆனா இவர் போறதால எங்களுக்கு எவ்வளவு நன்மைங்கறது மட்டும் எனக்கு நல்லா தெரியும். அதுக்காக இவருக்கு என் மனமார்ந்த நன்றி." உண்மையாகவே அவர் குரல் தழுதழுத்தது. நாற்காலி தப்பிய நன்றி அது. "இப்ப சக ஊழியர் ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசலாம்."

எல்லோரும் பார்சல்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனன் கண்ணில் தண்ணீர் நின்றது. பார்சல்காரர் முன்னால் வந்தார். எத்தனையோ வழியனுப்பு விழாவுக்கு அவர் டீ கொடுத்திருக்கிறார், ஒன்றில்கூடப் பேசியதில்லை. நாற்காலியில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு திகைத்து உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்ததும், பொய் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே அவருக்குப் போய்விட்டது. நிச்சயத்தன்று சம்பந்தி தன் ஆலை வேலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது.

"இவர் காலைல ஷிஃப்ட்டுக்குச் சங்கு ஊதறதுக்கு முன்னாடியே வாசல்ல நிப்பார். மெஷின்ல ஒரு பெண் கை மாட்டிக்கப் பார்த்தப்ப, தன் கையைக் குடுத்து இழுத்தவர். அதுல ஒரு விரல் இன்னும் மடங்காது, பாருங்க. லீவே எடுக்கல. சொந்தப் பொண்ணு பிறந்த அன்னிக்குக்கூட வேலை முடிச்சுட்டுத்தான் போய்ப் பார்த்தார். ஒரு நாள் வந்து பார்த்தா, கேட்டுல இவர் பேர் போட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. யாரும் இவருக்குக் கை குடுக்கல. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துட்டு வீட்டுக்குப் போனார்." பெண்ணின் அப்பா பக்கம் திரும்பிக் கை கூப்பினார். "அதனால இப்ப நான் சொல்றேன். நீங்க ரொம்ப நல்லா வேலை பார்த்தீங்க ஐயா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

பெண்ணின் அப்பா அந்த மடங்காத விரலைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க அழுதார். அவர் அழுததும் துணி வெட்டுகிறவர் அழுதார், கைப்பிடிக்காரர்கள் அழுதார்கள். டெலிபோன் அம்மாவுக்கும் மேனேஜருக்கும் அழாமல் ஜன்னலைப் பார்த்ததற்கெல்லாம் சேர்த்து அழுதார்கள். ஆறுதல் அதிகாரி மட்டும் அழ மறந்து நின்றார். தன் வேலையை வேறு யாரோ இவ்வளவு நன்றாகச் செய்ததை அவர் பார்த்ததில்லை.

வாசல்வரை பார்சல்காரரும் மைத்துனனும் கூடவே போனார்கள். பார்சல்காரர் கையைப் பிசைந்தார். "சம்பந்தி, மன்னிச்சுடுங்க. உங்களைக் கூப்பிட்டு வெச்சு இப்படி அவமானப்படுத்திட்டோம். கல்யாணம்..."

"யோவ், யாரு அவமானப்படுத்தினது?" என்று மூக்கை உறிஞ்சினார் அவர். "காலமெல்லாம் உழைச்ச இடத்துல நாயேன்னுகூட யாரும் சொல்லல. ஒரு நிமிஷம் உட்கார்ந்த இடத்துல ஊரே அழுதுடுச்சு. இவ்வளவு நாளா நெஞ்சுல இருந்த கல்லு இன்னிக்குத்தான் இறங்குச்சு சம்பந்தி. கல்யாணம் குறிச்ச தேதியில நடக்கும்." இரண்டடி போனவர் திரும்பி வந்து மைத்துனன் தோளைப் பிடித்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன் மாப்பிள்ளை. அந்த நாற்காலியில மட்டும் நீங்க உட்கார்ந்துடாதீங்க."

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்த சிரிப்பில் கண்ணும் சேர்ந்தே சிரித்தது, யாரும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

குழு தன் அறிக்கையை அனுப்பியது. பூஜ்யத்தில் ஒன்று போக, ஊழியர்கள் மைனஸ் ஒன்று. தலைமை அலுவலகம் அதை இரண்டு தரம் படித்தது. எந்தக் கிளையிலும் ஊழியர் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். ஆகவே ஒரு ஆள் பற்றாக்குறை. உடனே ஒருவரை வேலைக்குச் சேர்த்துப் பூஜ்யமாக்கவும் என்று உத்தரவு வந்தது. அனுபவம் உள்ளவராக, இந்தக் கம்பெனியை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும் என்று தலைவர் யோசித்தார். அப்படி அவர்களுக்கு ஞாபகம் இருந்தது, கடைசியாக அனுப்பிய ஒருவரைத்தான்.

பெண்ணின் அப்பா அதே சலவைச் சட்டையில் வந்தார். குழு அறையில் மூவரும் மேஜைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, கிடங்கிலிருந்து தலைவரே சாவி போட்டுத் திறந்து எடுத்துவந்த ஒரு நாற்காலி. பார்சல்காரர் டீத் தட்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"வாங்க, வாங்க" என்றார் தலைவர். "முதல்ல உட்காருங்க."

பெண்ணின் அப்பா நாற்காலியைப் பார்த்தார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மூவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். குடையை ஊன்றி, வலிக்கிற முழங்காலை நிமிர்த்தி நின்றார்.

"உட்கார்றதுக்கு நான் வரலைங்க. வேலை பார்க்க வந்திருக்கேன்."